பாதியை மட்டும் மாற்றாதீர்கள்: ஹோஸ்ட்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் உட்கார்ந்து, எங்கோ தொலைவில் இருக்கும் டேட்டா சென்டரின் சர்வர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடும் ஹோஸ்ட்கள் உங்கள் பொறுப்பில் இருந்தால், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 8-க்கு ஏற்றும் வேலை பல நிறுவனங்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த அவசரத்தில் ஒரு பழக்கம் ஊன்றிவிட்டதைக் கவலையோடு பார்க்கிறேன். சேஞ்ச் டிக்கெட்டில் 'ஈஎஸ்எக்ஸ்ஐ அப்கிரேடு' என்று ஒரே வரி இருக்கும். வெண்டார் தந்த கஸ்டம் ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்வோம், ஏற்றுவோம், ரீபூட் ஆகும், ஹோஸ்ட் பச்சையாக வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவோம். ஃபர்ம்வேரோ அந்தச் சர்வர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எங்கே இருந்ததோ அங்கேயே கிடக்கும். சில மாதம் கழித்து, ஹார்டுவேரைப் பார்க்கும் இன்னொரு குழு வந்து பயாஸையும் நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேரையும் ஒரே மூச்சில் புதுப்பித்துவிட்டுப் போகும். ஹைப்பர்வைசருக்குள் எந்த டிரைவர் இருக்கிறது என்று அவர்களும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கஸ்டம் இமேஜையும் சர்வர் ஃபர்ம்வேரையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பதிப்பு. ஒன்றை மட்டும் மாற்றிய ஹோஸ்ட், வெண்டாரும் சோதிக்காத, விஎம்வேரும் சோதிக்காத ஒரு கலவையில் உங்கள் வாடிக்கையாளரின் வேலையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது.

கஸ்டம் இமேஜ் என்றால் என்ன என்பதில் பலருக்குத் தெளிவில்லை. விஎம்வேர் வெளியிடும் பொதுவான இமேஜ் ஒன்று இருக்கிறது. எச்பிஇ, டெல், லெனோவோ, சிஸ்கோ போன்றவர்கள் அதே பில்டை எடுத்து, தங்கள் சர்வர்களில் வரும் கார்டுகளுக்கான டிரைவர்களையும், மேலாண்மை ஏஜென்ட்களையும், ஸ்டோரேஜ் கன்ட்ரோலரைக் கையாளும் கருவிகளையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். எச்பிஇ இமேஜில் ஐலோவோடு பேசும் டிரைவரும், ஏஜென்ட்லெஸ் மேனேஜ்மென்ட் சர்வீஸும் (ஏஎம்எஸ்), ஸ்மார்ட் அரே கன்ட்ரோலருக்கான கட்டளைக் கருவியும் இருக்கும். ஆக, பில்டு எண் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டு இமேஜ்கள் ஒன்றென்று நினைக்க முடியாது. டெல் தன் கோப்பின் பெயர் முடிவில் ஏ00, ஏ01 என்று போடுகிறது. எச்பிஇ தன் தொகுப்பு எண்ணையும் மாதத்தையும் ஆண்டையும் போடுகிறது. உங்கள் குறிப்பேட்டில் பில்டு எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால், இமேஜில் முக்கியமான பாதியை எழுதவே இல்லை என்று பொருள். பில்டு அதேதான், ஆனால் ஏ00-க்கும் ஏ02-க்கும் நடுவே ஒரு நெட்வொர்க் டிரைவர் மாறியிருக்கலாம்.

ஃபர்ம்வேர் பக்கம் பாருங்கள். ஒரு சாதாரண இரண்டு சாக்கெட் சர்வரில் பயாஸ், ஐலோ அல்லது ஐடிராக், ஒவ்வொரு நெட்வொர்க் கார்டு, ஃபைபர் சேனல் எச்பிஏ, ரெய்டு கன்ட்ரோலர், ஒவ்வொரு டிஸ்க், பேக்பிளேன், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றில் நெட்வொர்க் கார்டு, எச்பிஏ, கன்ட்ரோலர் ஆகிய மூன்றும் ஹைப்பர்வைசரில் உள்ள டிரைவரோடு நொடிக்கு நொடி பேசுகின்றன. ஒருவர் மொழியை மாற்றிக்கொண்டு மற்றவர் பழைய மொழியிலேயே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல் எக்ஸ்710 கார்டைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எக்ஸ்710 பத்து கிகாபிட் கார்டு. எல்லா வெண்டாரும் தங்கள் பெயரில் விற்றார்கள். அதன் ஃபர்ம்வேருக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. டிரைவர் அனுப்பும் டிஸ்கிரிப்டர் முறையாக இல்லை என்று கார்டுக்குத் தோன்றினால், அந்த டிரைவரையே தீங்கு செய்வதாகக் கருதி அனுப்பும் க்யூவை நிறுத்திவிடும். விர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்குள்ளிருந்து விஷமம் செய்யும் டிரைவரைத் தடுப்பதற்கான நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் பழைய ஐ40இ டிரைவரோடு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களில் இந்தக் காவல் நேர்மையான போக்குவரத்தின் மீதே பாய்ந்தது. லாக்கில் 'மலிஷியஸ் டிரைவர் டிடெக்ஷன்' என்று ஒரு வரி விழும். அத்தோடு போக்குவரத்து நின்றுபோகும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. லிங்க் இறங்குவதில்லை. ஸ்விட்ச் பக்கத்தில் போர்ட் பச்சையாகவே எரியும். விர்ச்சுவல் ஸ்விட்சின் டீமிங் இயல்பாக லிங்க் நிலையை மட்டுமே பார்க்கும், எனவே மாற்றுக் கார்டுக்குத் தாவாது. இரண்டு கார்டு போட்டும் பயனில்லை. மானிட்டரிங்கில் ஹோஸ்ட் உயிரோடு இருக்கும், அதன் மேல் உள்ள சில வி.எம்.கள் மட்டும் வெளியுலகத்தோடு தொடர்பற்றுப் போகும். அப்ளிகேஷன் குழு நெட்வொர்க் குழுவைக் கேட்கும், நெட்வொர்க் குழு போர்ட் சரியாக இருக்கிறது என்று சொல்லும், இரவு முழுக்க அழைப்பில் முப்பது பேர் இருப்பார்கள். இதற்கான தீர்வு ஐ40இஎன் என்ற நேட்டிவ் டிரைவருக்கு மாறுவதும், கார்டின் ஃபர்ம்வேரை அதற்கேற்ற பதிப்புக்கு உயர்த்துவதுமாக இருந்தது. இரண்டும் வேண்டும். டிரைவரை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததென்று டிக்கெட்டை மூடியவர்களின் ஹோஸ்ட்கள் பழைய ஃபர்ம்வேரின் தயவில் ஓடிக்கொண்டிருந்தன.

அதே கார்டின் ஃபர்ம்வேருக்குள் ஒரு எல்எல்டிபி ஏஜென்டும் உண்டு. ஸ்விட்ச் அனுப்பும் எல்எல்டிபி பொட்டலங்களைக் கார்டே விழுங்கிவிடும், ஹைப்பர்வைசருக்கு வந்து சேராது. எந்த ஹோஸ்ட் எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று விசென்டரில் பார்த்தால் வெறுமையாக இருக்கும். பின்னால் வந்த டிரைவரில் அதை அணைக்க ஒரு அமைப்பு கொடுத்தார்கள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். கேபிளைத் தேடி ரேக்கின் பின்னால் டார்ச்சோடு நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஐ40இஎன் டிரைவரின் கதை இன்னும் முடியவில்லை. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 3 வெளியானது. அடுத்த மாதமே விஎம்வேர் அதைப் பதிவிறக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த இன்டெல் டிரைவரின் பெயர். 7.0 அப்டேட் 2-இல் ஐ40இஎன்யு என்று பெயர் மாற்றி, அப்டேட் 3-இல் மீண்டும் ஐ40இஎன் என்று பழைய பெயருக்கே வந்தார்கள். வெண்டார் இமேஜிலிருந்தோ தனியாக ஏற்றியதாலோ ஒரு பெயரில் டிரைவர் இருந்த ஹோஸ்டில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. இரண்டு பெயரிலும் டிரைவர் இருந்த ஹோஸ்ட்களில் அப்கிரேடு தடுமாறியது. 2022 ஜனவரி 27-ஆம் தேதி அப்டேட் 3சி வந்த பிறகுதான் பாதை சீரானது. எந்த இமேஜுக்குப் போகிறோம் என்பதைப் போலவே எந்த இமேஜிலிருந்து புறப்படுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எங்கிருந்து புறப்படுகிறோம் என்பது ஏன் மங்கிப்போகிறது? மூன்று வருடத்துக்கு முன் வெண்டார் இமேஜில் நிறுவியிருப்பீர்கள். பிறகு பாதுகாப்பு பேட்ச்களை விஎம்வேரின் பொது டிப்போவிலிருந்து ஏற்றியிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் எது உயர்ந்த பதிப்போ அது தங்கும். இன்று இமேஜ் புரொஃபைலின் பெயரைக் கேட்டால் எச்பிஇ என்றுதான் சொல்லும், முன்னால் அடைப்புக்குறிக்குள் 'அப்டேட்டட்' என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும். உள்ளே பாதி டிரைவர் வெண்டாருடையது, பாதி பொது இமேஜுடையது. நிறுவப்பட்ட தொகுப்புகளின் (VIB) பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐயில் புரொஃபைலை 'அப்டேட்' செய்வதற்கும் 'இன்ஸ்டால்' செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள். அப்டேட் என்றால் ஏற்கெனவே உயர்ந்த பதிப்பில் இருப்பதைத் தொடாது. இன்ஸ்டால் என்றால் இமேஜில் உள்ளதே சட்டம், அதில் இல்லாதது நீங்கும், உயர்ந்தது தாழவும் செய்யும். ரெசிப்பியில் சொன்ன டிரைவர் பதிப்பு வேண்டும் என்று ஐஎஸ்ஓ ஏற்றியவருக்கு, பழைய அப்டேட்டில் வந்த வேறொரு டிரைவர் எஞ்சி நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

ரெசிப்பி என்றேன். எச்பிஇ அந்தப் பெயரிலேயே ஆவணம் வெளியிடுகிறது. எந்த சர்வீஸ் பேக் ஃபார் புரோலயன்ட் தொகுப்போடு எந்த கஸ்டம் இமேஜ், ஒவ்வொரு கார்டுக்கும் எந்த ஃபர்ம்வேர், எந்த டிரைவர் என்று வரிசையாக இருக்கும். சிஸ்கோ யுசிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருத்தப்பாட்டுக் கருவி இருக்கிறது. சர்வர் மாடல், அடாப்டர், ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு மூன்றையும் கொடுத்தால் ஃபர்ம்வேரையும் நெனிக், என்எஃப்னிக் டிரைவர் பதிப்புகளையும் சொல்லிவிடும். எல்லோருக்கும் பொதுவாக, இப்போது பிராட்காம் நடத்தும் பொருத்தப்பாட்டுக் கையேடு இருக்கிறது. நாம் எச்சிஎல் என்று சொல்லிப் பழகியது அதுதான்.

எச்சிஎல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கார்டின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் நான்கு அடையாளங்கள் உண்டு: வெண்டார், டிவைஸ், சப்வெண்டார், சப்டிவைஸ். முதல் இரண்டும் சிப் யாருடையது என்று சொல்லும். பின்னிரண்டும் அந்தச் சிப்பைக் கார்டாக்கி விற்றவர் யார் என்று சொல்லும். ஒரே இன்டெல் சிப்பை எச்பிஇ விற்கும்போதும் டெல் விற்கும்போதும் முதல் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கும், பின்னிரண்டும் வேறாகும். ஃபர்ம்வேர் எண் முறையும் வேறாகும், எச்சிஎல்லில் வரும் வரியும் வேறாகும். பின்னிரண்டைப் பார்க்காமல் இன்டெல்லின் பொதுக் கார்டுக்கான வரியைப் படித்துவிட்டு அந்த எண்ணைத் தேடி அலைவதும், அதைவிட மோசமாக, இன்டெல் தரும் பொது ஃபர்ம்வேரை வெண்டார் கார்டில் திணிக்க முயல்வதும் நடக்கிறது. ஹோஸ்டில் விஎம்கேசிஎச்டெவ் என்ற கட்டளை நான்கு அடையாளங்களையும் ஒரே வரியில் கொடுத்துவிடும். நெட்வொர்க் கார்டின் விவரத்தை ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐயில் கேட்டால் டிரைவர் பதிப்பும் ஃபர்ம்வேர் பதிப்பும் அடுத்தடுத்து வரும். நான்கு அடையாளங்களையும் எச்சிஎல்லில் போட்டு, உங்கள் ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பைத் தேர்ந்தால் டிரைவரும் ஃபர்ம்வேரும் இணையிணையாக வரும். சில வரிகளில் ஃபர்ம்வேர் இடம் வெறுமையாக இருக்கும். அப்போது வெண்டாரின் ஆவணத்துக்குப் போங்கள். வெறுமை என்பதை 'எதுவானாலும் சரி' என்று படிக்காதீர்கள்.

விசான் வைத்திருப்பவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது. அங்கே ரெய்டு கன்ட்ரோலர் அல்லது எச்பிஏயின் டிரைவரும் ஃபர்ம்வேரும் எச்சிஎல் இணையில் இல்லையென்றால் ஸ்கைலைன் ஹெல்த் மஞ்சளாகவோ சிவப்பாகவோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை 'சைலன்ஸ்' செய்து வைத்திருக்கும் கிளஸ்டர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நெட்வொர்க் கார்டு தவறினால் போக்குவரத்து நிற்கும். கன்ட்ரோலர் தவறினால் வாடிக்கையாளரின் டேட்டாவே போகும்.

கஸ்டம் இமேஜே வேண்டாம், பொது இமேஜில் நிறுவி வேண்டிய டிரைவரை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நியாயமும் உண்டு. 2014-இல் ஈஎஸ்எக்ஸ்ஐ 5.x காலத்து எச்பி கஸ்டம் இமேஜோடு வந்த எச்பி-ஏஎம்எஸ் ஏஜென்டின் 10.0.0 பதிப்பில் மெமரி கசிந்தது. ஹோஸ்ட் வாரக்கணக்கில் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் விமோஷன் நகராது, எஸ்எஸ்எச் வழி உள்ளே நுழைந்தால் 'கான்ட் ஃபோர்க்' என்று திருப்பி அனுப்பும். வி.எம்.களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தவும் முடியாது, நகர்த்தாமல் ரீபூட் செய்யவும் முடியாது. ஹார்டுவேரைக் கண்காணிக்க வந்த ஒரு ஏஜென்டே ஹோஸ்டை முடக்கியது. அதைப் பார்த்தவர்கள் வெண்டார் சேர்ப்பதையெல்லாம் சந்தேகிப்பது இயல்புதான்.

ஆனாலும் என் தீர்ப்பு கஸ்டம் இமேஜ் பக்கம்தான். ஒரே மாடல் சர்வர்களை நூற்றுக்கணக்கில் வைத்து, ஒவ்வொரு டிரைவரையும் தாங்களே சோதித்துப் பார்க்க ஆளும் ஆய்வகமும் உள்ள நிறுவனம் பொது இமேஜில் போகட்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை. பொது இமேஜில் போனால் சில கார்டுகளுக்கு டிரைவரே இல்லாமல், நெட்வொர்க் அடாப்டர் கிடைக்கவில்லை என்று நிறுவலே நின்றுபோகும். சப்போர்ட்டில் கேஸ் திறந்தால் அவர்கள் முதலில் கேட்பது ஃபர்ம்வேர் பதிப்பையும் டிரைவர் பதிப்பையும்தான். அவை ரெசிப்பிக்கு வெளியே இருந்தால் 'முதலில் இணைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம்' என்பதே பதில். ஏஎம்எஸ் கதை எனக்குச் சொல்வது, கஸ்டம் இமேஜை ஒதுக்கு என்பதை அல்ல. வெண்டார் என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று சொல்லும் ரிலீஸ் நோட்டை ஏற்றுவதற்கு முன்பே படி என்பதைத்தான்.

எந்தத் தலைமுறைச் சர்வருக்கு எந்த இமேஜ் என்பதையும் பாருங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐ 6.5, 6.7 காலத்தில் எச்பிஇ, ஜென்9-க்கு முந்தைய சர்வர்களுக்கு ஒன்று, ஜென்9-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஒன்று என்று தனித்தனி இமேஜ் வெளியிட்டது. கோப்பின் பெயரிலேயே அது இருக்கும். 2020 ஏப்ரலில் வந்த 7.0-இல் பழைய விஎம்கேலினக்ஸ் டிரைவர் முறையே நீக்கப்பட்டது. நேட்டிவ் டிரைவர் இல்லாத கார்டு அன்றோடு செத்தது. எந்த ஃபர்ம்வேரும் அதைக் காப்பாற்றாது.

ஒரே பொருள் ஃபர்ம்வேர், ஹைப்பர்வைசர் என்ற இரண்டு பக்கமிருந்தும் வருவதும் உண்டு. 2018 ஜனவரி தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது, சிபியுவின் மைக்ரோகோட் பயாஸ் வழியாகவும் வந்தது, ஈஎஸ்எக்ஸ்ஐ பேட்ச் வழியாகவும் வந்தது. ஹைப்பர்வைசர் பூட் ஆகும்போது தன்னிடம் உள்ளது பயாஸில் உள்ளதைவிடப் புதியதென்றால் அதை ஏற்றிவிடும். அந்த மைக்ரோகோட் ஏறிய ஹாஸ்வெல், பிராட்வெல் சிபியுக்கள் காரணமில்லாமல் ரீபூட் ஆகின்றன என்று தெரிந்ததும், ஜனவரி 22-ஆம் தேதி இன்டெல், அதைப் பரப்புவதை நிறுத்துங்கள் என்று அறிவித்தது. வெண்டார்கள் பயாஸைத் திரும்பப் பெற்றார்கள், விஎம்வேர் தன் பேட்ச்களைத் திரும்பப் பெற்றது. அந்த நாட்களில் எந்த ஹோஸ்டில் மைக்ரோகோட் எந்த வழியாக வந்தது என்று எழுதி வைத்திருந்த குழுக்கள் அமைதியாக வேலை பார்த்தன. பயாஸ் ஒரு குழுவிடமும் பேட்ச் இன்னொரு குழுவிடமும் இருந்த இடங்களில், ஒன்றைத் திருப்பியும் ரீபூட் நிற்கவில்லையே என்று திகைத்தார்கள்.

ஹைப்பர்வைசர் பக்கம் எதையும் தொடாமலே, ஃபர்ம்வேரை மறந்ததற்கு மட்டும் கிடைக்கும் தண்டனை எப்படியிருக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி டிஸ்க்குகள், எச்பிடி8-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் இருந்தால், 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். குறியுள்ள 16 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 32,767 என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிச் செயலிழந்தால் டிஸ்க்கும் மீளாது, அதிலுள்ள டேட்டாவும் மீளாது. ஒரே நாளில் ரேக்கில் ஏறிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த மணியைத் தொடும், ஆகவே ரெய்டு காப்பாற்றாது. 2020 மார்ச்சில் அதே வகையில் இன்னொரு எச்சரிக்கை: வேறு சில டிஸ்க்குகள், 40,000 மணி நேரம், திருத்தம் எச்பிடி7-இல். இரண்டுக்கும் தீர்வு ஒரு சிறிய ஃபர்ம்வேர் கோப்புதான். அப்கிரேடு செய்த ஒவ்வொரு இரவிலும் டிஸ்க் ஃபர்ம்வேரையும் சேர்த்தே ஏற்றும் பழக்கமுள்ள குழுவுக்கு இந்த எச்சரிக்கை வெறும் செய்தி. மற்றவர்களுக்கு அது மணிக்கணக்கு.

இனி, செய்யும் முறை. ஈஎஸ்எக்ஸ்ஐயில் இரண்டு பூட்பேங்க் உண்டு. அப்கிரேடு தவறினால் பூட் ஆகும்போது ஷிஃப்ட்டையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஃபர்ம்வேருக்கு அந்த வசதி எப்போதும் இல்லை. சில கார்டுகள் கீழிறங்க மறுக்கும், சிலவற்றில் கீழிறங்குவது ஆபத்து. மீள முடியாதது எதுவோ அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதனால் கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டை மெயின்டெனன்ஸ் மோடில் போட்டு, ஃபர்ம்வேர், இமேஜ் இரண்டையும் அதே இரவில் ஏற்றுங்கள். எதை முதலில் ஏற்றுவது என்பதை வெண்டாரின் ஆவணம் சொன்னபடி செய்யுங்கள், உங்கள் வசதிப்படி மாற்றாதீர்கள். பிறகு சும்மா பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உண்மையான சுமையுள்ள வி.எம்.களை அங்கே நகர்த்தி, பேக்கப் ஓடும் நேரம் ஒன்று கடக்கும்வரை லாக்கைக் கவனியுங்கள். எக்ஸ்710 போன்ற கோளாறுகள் சும்மா இருக்கும் ஹோஸ்டில் தலைகாட்டாது. சரியென்றான பிறகு மற்ற ஹோஸ்ட்களைத் தாமதிக்காமல் முடியுங்கள். பாதி ஹோஸ்ட் பழைய இணையிலும் பாதி புதிய இணையிலும் மாதக்கணக்கில் நிற்கும் கிளஸ்டரில் கோளாறு வந்தால் காரணம் தேடுவது இரட்டிப்பு வேலை.

7.0-இல் வந்த லைஃப்சைக்கிள் மேனேஜர் இதைத்தான் கருவியாகவே செய்து தருகிறது. அடிப்படை இமேஜ், அதன்மேல் வெண்டார் ஆட்-ஆன், அதன்மேல் ஃபர்ம்வேர் மற்றும் டிரைவர் ஆட்-ஆன் என்று மூன்றையும் கிளஸ்டருக்கு ஒரே இமேஜாக வரையறுக்கலாம். டெல்லின் ஓபன்மேனேஜ், எச்பிஇயின் ஒன்வியூ, லெனோவோவின் எக்ஸ்கிளாரிட்டி ஆகியவை ஃபர்ம்வேர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். 8-இலேயே பழைய பேஸ்லைன் முறை கைவிடப்படும் பட்டியலுக்குப் போய்விட்டது. வசதி இருப்பவர்கள் இன்றே மாறுங்கள். வெறும் அடிப்படை இமேஜையும் வெண்டார் ஆட்-ஆனையும் மட்டும் போட்டுவிட்டு, மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டிருப்பவர்கள், கருவி வந்தும் பழைய பழக்கத்தையே தொடர்கிறார்கள்.

இந்த மடலை உங்கள் மேலாளரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எல்லாப் பழியும் உங்கள்மேல் இல்லை. 2014 பிப்ரவரியிலேயே எச்பி, புரோலயன்ட் பயாஸும் சர்வீஸ் பேக்கும் வாரன்டியோ சப்போர்ட் கான்ட்ராக்ட்டோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு, நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது, பதிவிறக்கங்கள் அதன் போர்ட்டலுக்குள் போயின. இமேஜுக்கு ஒரு உரிமை, ஃபர்ம்வேருக்கு இன்னொரு உரிமை. செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டில் ஒரு கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, அப்கிரேடு ஏன் பாதியில் நிற்கிறது என்று பொறியாளரைக் கேட்பது அநியாயம். கான்ட்ராக்ட் இல்லாத பொறியாளர் அடுத்ததாக எங்கே போவார்? யாரோ பகிர்ந்த இணைப்பில் ஐஎஸ்ஓவைத் தேடுவார். உங்கள் நிறுவனத்தின் எல்லா வி.எம்.களுக்கும் அடியில் ஓடப்போவதை முன்பின் தெரியாதவர் கையிலிருந்து வாங்க வைக்காதீர்கள். மேலாளர்களே, சர்வர் கான்ட்ராக்ட்டையும் ஹைப்பர்வைசர் கான்ட்ராக்ட்டையும் ஒரே நாளில் முடியும்படி அமைத்து, ஒரே வரியாக பட்ஜெட்டில் கேளுங்கள்.

நண்பர்களே, உரிமை இருக்கும்போதே கோப்புகளை எடுத்து வையுங்கள். கஸ்டம் ஐஎஸ்ஓ, அதற்கு இணையான ஃபர்ம்வேர் தொகுப்பு, ரெசிப்பி ஆவணம், ரிலீஸ் நோட், எஸ்எச்ஏ-256 எண் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபோல்டரின் பெயரில் பில்டு எண்ணோடு ஏ-எண்ணோ வெண்டார் தொகுப்பு எண்ணோ இருக்கட்டும். ஷிப்ட் மாறி வருபவர் யாரையும் எழுப்பாமல் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த முறை 'ஈஎஸ்எக்ஸ்ஐ அப்கிரேடு' என்று மட்டும் எழுதிய டிக்கெட் உங்களிடம் வந்தால் ஒப்புதல் தராதீர்கள். எந்த இமேஜிலிருந்து எந்த இமேஜுக்கு, எந்த ஃபர்ம்வேரிலிருந்து எந்த ஃபர்ம்வேருக்கு என்ற நான்கு எண்களையும் எழுதித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஜூனியர் திருப்பி அனுப்பினால் சீனியர்கள் கூட நில்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்